தொடர்பு அறுந்த பொழுதில் முடிவெடுப்பது யார்?

விளிம்புக் கணிமை ஏன் வேண்டும் என்ற கேள்விக்குப் பாடநூல்கள் தரும் முதல் விடை, தாமதம். கருவி ஓரிடத்திலும் அதன் தரவைக் கணிக்கும் வழங்கி வேறோர் இடத்திலும் இருந்தால், கேள்வி போய் விடை திரும்புவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ஆகவே கணிப்பைக் கருவியின் அருகிலேயே வைத்துவிட வேண்டும் என்பது வாதம். தொழிற்சாலை ரோபோவுக்கும் ஓட்டுநரில்லா வண்டிக்கும் இது பொருந்தும். இந்திய வரைபடத்தின் விளிம்பிலேயே இருக்கும் ஊர்களுள் ஒன்று, வட அந்தமானின் திக்லிபூர். அங்கே இந்த வாதம் நிற்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை எதிர்பார்த்ததுபோல் இல்லை.

சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்கி, விடையும் ஏறி இறங்க, அந்தத் தொலைவை நான்கு முறை கடக்க வேண்டும். ஒளியின் வேகத்திலும் அதற்கு ஏறத்தாழ 480 மில்லிநொடி ஆகும். கண்ணாடியிழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வடத்தின் முழு நீளத்தையும் போய்த் திரும்பினாலும் 23 மில்லிநொடிதான். தாமதம் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மணலின் வெப்பத்தையோ குளிர்பெட்டியின் வெப்பத்தையோ அளக்கும் உணரிக்கு 23 மில்லிநொடி ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் திக்லிபூருக்கு விளிம்புக் கணிமை வேண்டாமா? வேண்டும். ஆனால் அதற்கான காரணம் வேறு.

வடம் தீவுகளில் கரையேறும் இடங்கள் எட்டு: போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது), ஸ்வராஜ் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு, ரங்கத். இந்தப் பட்டியலில் திக்லிபூர் இல்லை. அதற்கு மிக அருகில் உள்ளது ரங்கத். அங்கிருந்து வடக்கே மீதித் தொலைவைத் தரைமேல்தான் கடக்க வேண்டும். தலைநகரிலிருந்து திக்லிபூர் வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தமான் பெருஞ்சாலையில் போனவர்களுக்கு அந்த நிலம் தெரியும். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் காத்து நிற்கும். குறித்த நேரத்தில் ஜாரவா வனப்பகுதி வழியே அணியாகப் புறப்படும். நடு நீரிணைக் கரையில் படகுக்காக மீண்டும் நிற்கும். நிறுத்தி, சேர்த்து, வழி திறந்ததும் அனுப்புவது என்ற முறை கணினிக்காரர்கள் சொல்லித் தராமலேயே அங்கு வழக்கத்தில் இருக்கிறது.

மின்சாரமும் அப்படியே. தீவுகள் பெருநில மின்தொகுப்போடு இணைந்தவை அல்ல. பெரும்பகுதி மின்சாரம் டீசல் எந்திரங்களிலிருந்து வருகிறது. திக்லிபூரின் கல்பாங் ஆற்றில் 2001இல் 5.25 மெகாவாட் திறனுள்ள புனல்மின் நிலையம் வந்தது. இரு பருவமழையும் பெய்யும் இடம். அந்தமான் கடலில் புயல் பிறக்கும் பருவமும் உண்டு. 2002 செப்டம்பர் 14 அன்று திக்லிபூர் அருகே 6.5 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. புயலோ நில அதிர்வோ வரும்போது மின்சாரமும் இணையமும் தனித்தனியாகப் பழுதாவதில்லை. பெரும்பாலும் ஒன்றாகவே போகின்றன. தொடர்பு மிகவும் தேவைப்படும் நாளே தொடர்பு அறுந்துபோகும் நாளாகவும் அமைகிறது. திக்லிபூரில் விளிம்புக் கணிமைக்கான காரணம் இதுதான்.

இத்துறையின் வரலாற்றில் இந்தக் காரணம்தான் மூத்தது. சென்னை ஐஐடியில் படித்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மகாதேவ் சத்யநாராயணன், தம் இணை ஆசிரியர்களுடன் 2009இல் வெளியிட்ட ‘கிளவுட்லெட்’ கட்டுரையை விளிம்புக் கணிமையின் தொடக்கங்களுள் ஒன்றாக மேற்கோள் காட்டுவது வழக்கம். அதன் முதன்மைக் கவலை தாமதம். ஆனால் அவரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும் 1990களின் தொடக்கத்திலேயே கோடா என்ற கோப்பு முறைமையைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்தக் கட்டுரையின் பொருள், வழங்கியோடு தொடர்பு அறுந்த கணினி எப்படித் தொடர்ந்து வேலை செய்வது, தொடர்பு மீண்டதும் இரு பக்க மாற்றங்களையும் எப்படி இணக்குவது என்பது. திக்லிபூருக்காக வடிவமைப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பழைய கட்டுரையைத்தான்.

இன்று பொருள்களின் இணையத்தில் பரவலாகப் புழங்கும் எம்.க்யூ.டி.டி. நெறிமுறையின் பிறப்பும் இதையொட்டியதே. 1999இல் ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். ஆளில்லாப் பெருவெளிகளில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதுதான் அவர்களுக்கு வாய்த்த வேலை. இணைப்போ மெல்லியது, விலை மிக்கது, நம்ப முடியாதது. அதனால்தான் ஒரு கருவி சொல்லாமல் மறைந்துவிட்டால் அதன் சார்பில் அறிவிக்க வேண்டிய ‘இறுதி விருப்பச் செய்தி’ அந்த நெறிமுறையிலேயே இடம்பெற்றிருக்கிறது.

இனி வடிவமைப்புக்கு வரலாம். இடைநிலை மென்பொருள் என்பது பல மொழி பேசும் கருவிகளுக்கும் அவற்றின் தரவைப் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே நிற்பது. அது செய்தியை வாங்கும், பெயரிடும், நேரம் குறிக்கும், வரிசையில் வைக்கும், உரியவரிடம் சேர்க்கும். திக்லிபூரில் ஒரு சிறிய கேட்வே பெட்டியில் இந்த மென்பொருளை நிறுவுவதாகக் கொள்க. அதில் மூன்று வகை உணரிகள் இணைகின்றன: சுகாதார நிலையத்தின் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் ஒன்று, காலிப்பூர் கடற்கரையில் ஆமை முட்டைப் பொரிப்பகத்தின் மணலில் சில, கரையில் கடல்மட்டத்தை அளப்பது ஒன்று. மூன்றும் அனுப்புவது எண்களைத்தான். ஆனால் தொடர்பு அறுந்தால் மூன்றுக்கும் செய்ய வேண்டியது ஒன்றல்ல.

எளியது மணல். கடல் ஆமைக் குஞ்சின் பாலினத்தை முட்டை கிடக்கும் மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. பல இனங்களுக்கு ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் நடுக்கோடு. அதற்கு மேல் பெண் குஞ்சுகள் மிகுதி, கீழே ஆண் குஞ்சுகள் மிகுதி. இந்தத் தரவுக்கு அவசரம் இல்லை. ஒரு வாரம் கழித்துச் சேர்ந்தாலும் ஆய்வாளருக்குக் குறை இல்லை. ஆனால் இடையில் நாள்கள் விடுபட்டால் அந்தப் பருவத்தின் முட்டைக்குழியை மறுபடி அளக்க முடியாது. நிமிடத்துக்கு ஓர் அளவு, ஒவ்வொன்றும் 50 பைட் என்றால் நாளைக்கு 72 கிலோபைட், மாதத்துக்குச் சுமார் 2.2 மெகாபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவுதான். எனவே சேமிப்பிடம் சிக்கல் அல்ல.

சிக்கல் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. மொஸ்கிட்டோ என்ற பரவலான எம்.க்யூ.டி.டி. இடைத்தரகு மென்பொருளில், தொடர்பற்ற ஒரு பயனருக்காகக் காத்திருப்பில் வைக்கப்படும் செய்திகளின் இயல்பு எல்லை 1,000. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 16 மணி 40 நிமிடத்தில் அந்த வரிசை நிறைந்துவிடும். அதன் பின் வருபவை கைவிடப்படும். ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடுங்கிவைத்துச் சோதித்த மாணவருக்கு இந்த இழப்பு கண்ணில் படாது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும் செய்திதான். ஆயினும், எத்தனை மணி நேரத் துண்டிப்பைத் தாங்க வேண்டும் என்று முதலிலேயே யாராவது கேட்டிருந்தால்தான் அந்த வரி மாறும்.

அடுத்தது கடிகாரம். மலிவான ஒற்றைப் பலகைக் கணினிகள் பலவற்றில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்ததும் அவை இணையத்தைக் கேட்டே மணி அறிகின்றன. மின்சாரம் வந்து இணையம் வராத இடைவேளையில் அந்தப் பெட்டி தான் கடைசியாக அறிந்த பழைய நேரத்தையே தொடர்ந்து எண்ணிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பதிந்த அளவுகள் யாவும் பொய்யான தேதியோடு தரவுத்தளத்தில் சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதற்கான மாற்றை லெஸ்லி லாம்போர்ட்டின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரை முன்பே சுட்டியது: சுவர்க் கடிகாரம் தெரியாவிட்டாலும் நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையைக் காக்க முடியும். பெட்டி எத்தனையாவது முறை உயிர்த்தெழுந்தது என்ற எண்ணையும், அந்த முறை எத்தனையாவது அளவு என்ற எண்ணையும் ஒவ்வொரு பதிவோடும் சேர்த்துவிட்டால், சரியான நேரம் பின்னர் தெரிந்ததும் அந்த ஓட்டத்தின் பழைய பதிவுகளைத் திருத்திக்கொள்ளலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பும் அவற்றோடு இருக்க வேண்டும்.

குளிர்பெட்டிக்கு இது போதாது. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து வெப்பத்தில் வலுவிழக்கும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி உறைந்தால் கெடும். சுகாதார ஊழியர்கள் ஐ.எல்.ஆர். என்று அழைக்கும் பெட்டி, சுவரில் பனிக்கட்டிப் படலம் கொண்டது. நாளைக்கு எட்டு மணி நேர மின்சாரம் கிடைத்தாலே குளிரைக் காக்கும்படி செய்யப்பட்டது. ஈவின் என்ற தேசியத் திட்டத்தில் இத்தகைய பெட்டிகளின் வெப்பத்தைக் கைப்பேசி வலையமைப்பு வழியே தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. அலைபேசிக் கோபுரம் இயங்கும்போது மாவட்ட அலுவலருக்குச் செய்தி போகும். கோபுரமும் அணைந்த இரவில், வெப்பம் 8 பாகையைத் தாண்டினால் அந்தச் செய்தியை முதலில் அறிய வேண்டியவர் பக்கத்து அறையில் பணியிலிருக்கும் செவிலியர். அவருக்கு ஒரு மணியோசையும் ஒரு சிவப்பு விளக்கும் போதும். வழங்கியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் மென்பொருள் அந்த இரவில் அவருக்குப் பயன்படாது.

இவ்விடத்தில், கணினித்துறைக்கு வெளியே உள்ள ஒரு சிறு கண்டுபிடிப்பை வடிவமைப்பாளர்கள் கவனிக்கலாம். தடுப்பூசிக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் கொண்ட சிறு அடையாளம் ஒட்டப்பட்டிருக்கும். 1996இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்தது. குப்பி பட்ட வெப்பம் சேரச் சேர உள்ளிருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். மின்சாரம் இல்லை, இணையம் இல்லை, மேலிடத்தைக் கேட்கவும் தேவையில்லை. விதியை வல்லுநர்கள் முன்கூட்டியே வகுத்தார்கள். முடிவை எடுக்கும் உரிமையைக் குப்பியைக் கையில் வைத்திருக்கும் ஊழியரிடமே கொடுத்துவிட்டார்கள். ஒதுக்கிய குப்பி கணக்கில் ஏறுவதால் மேலிடத்துக்கும் பின்னர் செய்தி தெரிகிறது.

விளிம்பு இடைநிலை மென்பொருளின் சாரம் இந்த மூன்றிலும் அடங்கிவிடுகிறது: விதி முன்கூட்டியே, முடிவு அந்த இடத்திலேயே, கணக்கு பின்னர். ஆகவே வடிவமைப்பின் முதல் ஆவணம் ஓர் அதிகாரப் பட்டியலாக இருக்க வேண்டும். எந்த முடிவைப் பெட்டி தானே எடுக்கலாம், எதற்கு அருகிலுள்ள மனிதரைக் கேட்க வேண்டும், எதற்கு மையத்தின் சொல் இல்லாமல் அசையக்கூடாது, மையம் எத்தனை நிமிடம் பேசாமலிருந்தால் இந்த வரிசை மாறும் என்பன அதில் எழுதப்பட வேண்டும். இதை எழுதாமல் விட்டாலும் அதிகாரம் எங்காவது போய்ச் சேரத்தான் செய்யும். பெரும்பாலும் அது நிரலில் யாரோ யோசிக்காமல் இட்ட ஓர் இயல்பு மதிப்பிடம் போய்ச் சேர்கிறது.

இந்தப் பட்டியலில் மிகக் கடினமான வரி கடல்மட்ட உணரியுடையது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது இந்திய நேரம் காலை 6.29க்கு. தமிழகக் கரையை அலைகள் அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் வீணானது. செய்தியை அனுப்பவும் வாங்கவும் ஓர் அமைப்பு அன்று இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபரில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. தமிழகக் கரைக்கு அந்த மையத்தின் எச்சரிக்கை வந்துசேர நேரம் உண்டு. பிளவுக்கோட்டின் அருகிலேயே இருக்கும் தீவுகளுக்கோ, அலை சில பத்து நிமிடங்களில் வந்துவிடலாம்; அதற்குள் தொடர்பும் அறுந்திருக்கலாம்.

அப்படியானால் கரையிலுள்ள பெட்டியே சங்கை ஊதிவிடலாமா? இங்கே தயக்கம் நியாயமானது. 2004இல் வட அந்தமானின் மேற்குக் கரையோரம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. அதே அதிர்வில் போர்ட் பிளேர்ப் பகுதி தாழ்ந்தது. அதாவது, கடல்மட்டத்தை அளக்கும் கருவி நிற்கும் நிலமே நகர்ந்துவிட்டது. கடல் உள்வாங்கியது என்று அது சொன்னால், கடல் போனதா, கரை எழுந்ததா என்று அந்த ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. ஒரே உணரியின் சொல்லில் ஊரை ஓடவைத்து, அது இரண்டு முறை பொய்த்துவிட்டால், மூன்றாம் முறை யாரும் ஓடமாட்டார்கள். வலுவான, நீண்ட அதிர்வை உணர்ந்தால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் உயரமான இடத்துக்குப் போக வேண்டும் என்பது கரையோர மக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. பெட்டி செய்யக்கூடியது அந்த அறிவுரைக்குத் துணை நிற்பது: நிலஅதிர்வு உணரியும் கடல்மட்ட உணரியும் ஒருங்கே மாறினால் உள்ளூர்ப் பொறுப்பாளரை எழுப்புவது, தனக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் சொல்வது. அந்தச் சொற்கள் எந்த மொழியில் என்பதும் வடிவமைப்பே. திக்லிபூரில் வங்காளம் பேசுவோர் மிகுதி; தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுவோரும் வாழ்கிறார்கள். அறிவிப்பின் மொழிபெயர்ப்புகள் பெட்டிக்குள்ளேயே முன்கூட்டி இருக்க வேண்டும்.

தொடர்பு ஒரு வழியாக மட்டும் இருந்தாலும் பயன் உண்டு என்பதற்குத் தமிழ்க் கரையிலிருந்தே சான்று இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக்கடலைத் தாக்கியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கரையிலிருந்து சில கிலோமீட்டர் கடந்தால் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. பலர் திரும்பவே இல்லை. அதன் பின் 2019 அக்டோபரில் ஜெமினி என்ற சிறு பெட்டி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை அது வாங்கி, புளூடூத் மூலம் படகிலுள்ள கைப்பேசிக்குக் கொடுக்கும். கைப்பேசிச் செயலி அதை மீனவரின் மொழியில் காட்டும். படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. மையத்துக்குத் தெரிவது பொதுவான வானிலை மட்டும். இந்தப் படகில் எவ்வளவு டீசல் இருக்கிறது, எந்தத் துறைமுகம் அருகில் என்பதெல்லாம் படகில் இருப்பவருக்கே தெரியும். முடிவும் அவருடையது.

கடைசியாக, தொடர்பு மீளும் நேரம். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் இது ஒரே வரியில் முடிந்துவிடும்: ‘இணைப்பு வந்ததும் தரவு ஒத்திசைக்கப்படும்’. நடப்பில் சிக்கல்கள் தொடங்கும் இடம் அதுதான். ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் மெலிந்த இணைப்பு மறுபடி திணறும். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும். நேற்றைய மணல் வெப்பம் வரிசையில் முன்னால் நின்று இன்றைய குளிர்பெட்டி எச்சரிக்கையை மறிக்கக் கூடாது. எனவே அவசரத்துக்குத் தனி வரிசை, ஆவணத்துக்குத் தனி வரிசை. ஒப்புகை வராததால் மீண்டும் அனுப்பிய செய்தி இருமுறை சேரலாம். இரண்டாவதைத் தரவுத்தளம் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். மையமும் பெட்டியும் ஒரே காலத்தில் வெவ்வேறு முடிவு எடுத்திருந்தால், பிந்தியது முந்தியதை அழிக்கும் என்ற எளிய விதி மிக ஆபத்தானது. வெப்பம் மீறியது என்று பெட்டி பதிந்ததை, ‘நிலை இயல்பு’ என்ற மையத்தின் பழைய மதிப்பு அழித்துவிடலாம். இரண்டையும் காத்து, எது யாரால், எதை அறிந்து எடுக்கப்பட்டது என்று எழுதிவைப்பதே நேர்மையான முறை.

விளிம்புக் கணிமை பற்றி எழுதத் தொடங்கும் மாணவர்கள் தம் முடிவுகள் அதிகாரத்தில் மில்லிநொடி வரைபடங்களோடு இன்னும் மூன்று எண்களைச் சேர்க்கலாம்: அமைப்பு தாங்கிய மிக நீண்ட துண்டிப்பு எத்தனை மணி நேரம், அதில் இழந்த பதிவுகள் எத்தனை, துண்டிப்பின்போது தானே எடுத்த முடிவுகளுள் பின்னர் தவறென்று தெரிந்தவை எத்தனை. ஆய்வகத்தில் இவற்றை அளப்பதற்குத் தேவைப்படுவது பொறுமையும், பிடுங்கிவைக்க ஒரு கம்பியும்தான். மூன்று நாள் பிடுங்கிவைத்து, நடுவில் மின்சாரத்தையும் இரு முறை நிறுத்திப் பார்த்தால் போதும். நான்காம் நாள் காலையில் கம்பியைச் செருகியதும் வரும் பதிவேட்டை அந்தச் செவிலியரின் இடத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். முந்தைய மூன்று நாளும் குளிர்பெட்டி எப்படி இருந்தது, எந்த மணி எப்போது ஒலித்தது, எந்தத் தடுப்பூசியை இன்று குழந்தைக்குப் போடலாம் என்று அதிலிருந்து அவரால் சொல்ல முடிந்தால், அந்த மென்பொருளைத் திக்லிபூருக்கு எடுத்துச் செல்லலாம்.